பார்த்ததும் கல்லெடுக்கலாமா?



மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா என்றொரு நாடு உண்டு. அங்கே மோட்டாகுவா ஆற்றுப் பள்ளத்தாக்கில், கள்ளியும் முள்மரமும் நிறைந்த வறண்ட காட்டில், ஒரு நச்சுப் பல்லி வாழ்கிறது. கறுத்த உடலில் மணிகளைப் பதித்தது போன்ற தோல்! 1988இல்தான் விஞ்ஞானிகள் இதைத் தனியாக இனம்கண்டு பெயரிட்டார்கள்.

இதன் நஞ்சு கீழ்த்தாடையில் சுரக்கிறது. கடித்துப் பிடித்தால், பற்களிலுள்ள பள்ளங்கள் வழியே நஞ்சு ஏறும். ஆனால், இது யாரையும் துரத்தி வராது. பறவை முட்டையும் ஓணான் வகைகளின் முட்டையும்தான் இதன் முக்கிய உணவு. கொழுப்பை வாலில் சேமித்துக்கொண்டு, ஆண்டின் பெரும்பகுதி வளைக்குள் கிடக்கும். நஞ்சு தற்காப்புக்கு மட்டுமே.

இது தெரியாத மக்கள், கண்ட இடத்தில் அடித்துக் கொன்றார்கள். காடும் விளைநிலமாகிச் சுருங்கியது. இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சிலவே.

பிறகு ஆய்வாளர்கள் ஊர் ஊராகச் சென்று உண்மையை விளக்கினார்கள். முன்பு அடித்தவர்களிலேயே சிலர், இப்போது இதைக் காப்பாற்ற உதவுகிறார்கள்!

குழந்தைகளே, அறியாமைதான் பயத்துக்குத் தாய். அறியாத உயிரினத்தைக் கண்டால் தொடாதீர்கள், அடிக்கவும் செய்யாதீர்கள். விலகி நின்று பாருங்கள். பிறகு, படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். செய்வீர்கள்தானே?

அன்புடன்,
ஆசிரியர்