இடிக்குமுன் ஒரு படம்

மோகனூருக்கு வருவோர் காவிரியில் நீராடுகின்றனர், அசலதீபேசுவரரை வணங்குகின்றனர், கோபுரத்தைப் படம் பிடித்துச் செல்கின்றனர். அருகிலுள்ள தெருக்களில் நிற்கும் பழைய ஓட்டு வீடுகளை ஏறெடுத்துப் பார்ப்போர் சிலரே. அவ்வீடுகளோ ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன.

இடிப்பவரைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. பாகம் பிரிந்த வீட்டை யார் பழுது பார்ப்பது? திண்ணையின் பெருமையைப் பேசுவது எளிது. மழைக்கு ஒழுகும் வீட்டில் குடியிருப்பது எளிதன்று. ஆனால், இடிக்குமுன் ஒரே ஒரு நாள் பொறுத்து, படமெடுத்துக் குறிப்பெழுதி வைக்கலாமே என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

"படம் எடுத்தால் போன வீடு திரும்புமா?" எனச் சிலர் கேட்கலாம். புதுச்சேரிக் கடற்கரையில் இருந்த மேரி கட்டடம் 2014 நவம்பரில் இடிந்து விழுந்தது. அதே இடத்தில், பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. பழைய உருவம் பதிவாகியிராவிடில் இது இயலுமா? அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டு, பொருளாதார நெருக்கடியால் வேலையிழந்த கட்டடக் கலைஞர்களைக் கொண்டே பழங்கட்டடங்களை அளந்து, வரைந்து, படமெடுத்துத் தொகுக்கத் தொடங்கினர். பெரிய மாளிகைகளோடு எளிய வீடுகளும் அத்தொகுப்பில் இடம் பெற்றன.

நம் ஊரில் 1888இல் பிறந்தவர் நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை. அவர் ஓவியருங்கூட. நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லமாக விளங்குகிறது. புகழ் பெற்றவரின் வீட்டை அரசு காக்கும். உழவரும் தச்சரும் வணிகரும் வாழ்ந்த வீடுகளை யார் நினைவில் வைப்பார்? அவர்கள் பேத்திகளாகிய நாமன்றோ!

முகப்பை மட்டும் படமெடுத்தால் போதாது. ஆசாரம், தொட்டி, விளக்கு மாடம், பரண், பொடக்காளி என ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுக்க வேண்டும். நாடா கொண்டு நீள அகலம் அளந்து எழுத வேண்டும். நெல் எங்கே கொட்டி வைத்தார்கள், மழைநீர் எவ்வழி வெளியேறியது, மணமகள் எந்த வாசல் வழியே வந்தாள் என்று பாட்டிமாரிடம் கேட்டெழுத வேண்டும். படத்தை நாளைக்கும் எடுக்கலாம்; பாட்டியின் சொல்லை நாளைக்குக் கேட்க முடியுமோ, முடியாதோ! பெயர் தெரியாத படம் பேசாத படமே.

ஒன்றை மறக்கலாகாது. வீடு காட்சிப் பொருளன்று. அங்கே மக்கள் வாழ்கின்றனர். பெரியவர்களின் அனுமதியின்றி வாசற்படி தாண்டக் கூடாது. அவர்கள் வேண்டாம் என்ற அறையை விட்டுவிட வேண்டும்.

இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. அதில் நம் முகத்தையே நூறு முறை எடுக்கிறோம். அன்புத் தோழியரே, இந்தக் கோடை விடுமுறையில் ஆளுக்கொரு வீட்டை எடுத்துக் கொள்வோம். படங்களையும் குறிப்புகளையும் தொகுத்துப் பள்ளி நூலகத்தில் வைப்போம். அருட்சகோதரியரும் பெற்றோரும் இதற்குத் துணை நிற்க வேண்டுகிறோம். நமக்குப் பின் இங்கு பயில வரும் தங்கையர், தம் ஊர் எப்படி வாழ்ந்தது என்பதை அதில் கண்டறியட்டும்.