நள்ளிரவுச் சிரிப்பும் பார்வையாளர்களின் கோபமும்: ஒரு குரல் மீண்டது, மற்றொன்று ஏன் மீளவில்லை?

அமெரிக்காவில் இரவு பதினொன்றரை மணிக்குப் பின்னர் ஒளிபரப்பாகும் நகைச்சுவை உரையாடல் நிகழ்ச்சிகள் அந்நாட்டு அரசியல் வாழ்வின் ஓர் அங்கமாகவே இருந்து வந்துள்ளன. தொகுப்பாளர் மேடைக்கு வருவார். அன்றைய செய்திகளைக் கிண்டலடிப்பார். பதவியில் இருக்கும் ஜனாதிபதியைக் கேலி செய்வார். அடுத்த நாள் காலையில் அவர் வழக்கம்போல வேலைக்குச் செல்வார். ஆட்சியாளரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அச்சமின்றி வீடு திரும்பலாம் என்ற நம்பிக்கையே இந்த நிகழ்ச்சிகளின் அடித்தளம். 2025 ஆம் ஆண்டில் அந்த நம்பிக்கை இரண்டு தடவைகள் ஆட்டங்கண்டது.

முதலாவது, ஸ்டீபன் கொல்பேர்ட் நடத்திய 'த லேட் ஷோ'. 1993 இல் டேவிட் லெட்டர்மனுடன் ஆரம்பித்த இந்த நிகழ்ச்சி 2026 மே மாதத்துடன் முடிவுக்கு வரும் என சிபிஎஸ் நிறுவனம் 2025 ஜூலை 17 ஆம் திகதி அறிவித்தது. தொகுப்பாளரை மாற்றவில்லை, நிகழ்ச்சியையே மூடினார்கள். இது முற்றிலும் நிதி சார்ந்த தீர்மானம் என்றது நிறுவனம்.

பார்வையாளர்கள் பலர் அதை நம்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. சிபிஎஸ்ஸின் தாய் நிறுவனமான பரமவுண்ட், ஜனாதிபதி ட்ரம்ப் தொடுத்த வழக்கொன்றை 16 மில்லியன் டொலர் கொடுத்து முடித்துக் கொள்ள அந்த மாதத் தொடக்கத்தில்தான் இணங்கியிருந்தது. அதே நேரத்தில், ஸ்கைடான்ஸ் நிறுவனத்துடன் இணையும் 8 பில்லியன் டொலர் உடன்படிக்கைக்கு அரசின் அனுமதியையும் எதிர்பார்த்திருந்தது. அந்தக் கொடுப்பனவை இலஞ்சம் என்று கொல்பேர்ட் தனது மேடையிலேயே கூறி மூன்று நாட்களில் அறிவிப்பு வந்தது. ஒரு வாரத்தில் இணைப்புக்கு அனுமதியும் கிடைத்தது.

நிதிக் காரணம் வெறும் சாட்டு என்றும் ஒதுக்கிவிட முடியாது. நள்ளிரவு நிகழ்ச்சிகளின் விளம்பர வருமானம் 2018 இல் சுமார் 439 மில்லியன் டொலராக இருந்து, 2024 இல் சுமார் 220 மில்லியனாகச் சரிந்திருந்தது. மக்கள் முழு நிகழ்ச்சியைப் பார்ப்பதை விட்டு, மறுநாள் கைபேசியில் துண்டுகளாகப் பார்க்கிறார்கள். கொல்பேர்ட்டின் நிகழ்ச்சி ஆண்டுக்கு 40 மில்லியன் டொலர் நட்டத்தில் இயங்கியதாக ஊடகங்கள் எழுதின. ஆனால் அந்த நேரத்தில் அதிகம் பேர் பார்த்ததும் அதே நிகழ்ச்சிதான். உண்மையான நட்டமும் அரசியல் வசதியும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது, எது காரணம், எது மறைப்பு என்று வெளியில் இருப்பவர்களால் பிரித்தறிய முடிவதில்லை.

இரண்டாவது சம்பவத்தில் அந்தக் குழப்பம் இருக்கவில்லை.

வலதுசாரிச் செயற்பாட்டாளர் சார்லி கேர்க் செப்டெம்பர் 10 ஆம் திகதி யூட்டா மாநிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ட்ரம்ப் ஆதரவாளர்கள் அந்தக் கொலையில் அரசியல் இலாபம் தேடுகிறார்கள் என்று ஏபிசி தொகுப்பாளர் ஜிம்மி கிம்மல் 15 ஆம் திகதி பேசினார். கொலையாளியை அவர்கள் பக்கத்து ஆள்போலக் காட்டியதாக அந்தப் பேச்சு பலரைப் புண்படுத்தியது. 17 ஆம் திகதி, மத்திய தொடர்பாடல் ஆணைக்குழுவின் தலைவர் பிரெண்டன் கார், இதை இலகுவான வழியிலும் செய்யலாம், கடினமான வழியிலும் செய்யலாம் என்று எச்சரித்தார். சில மணி நேரத்தில் நெக்ஸ்டார் நிறுவனம் தனது நிலையங்களில் நிகழ்ச்சியை நிறுத்தியது. சின்கிளேயரும் அதே வழியில் சென்றது. ஏபிசி காலவரையறையின்றி நிகழ்ச்சியை இடைநிறுத்தியது.

இங்கு இயங்கிய பொறிமுறை கவனிக்கத்தக்கது. ஆணைக்குழு தேசிய வலையமைப்புகளுக்கு உரிமம் வழங்குவதில்லை, உள்ளூர் நிலையங்களுக்கே வழங்குகிறது. எனவே அச்சுறுத்தல் அந்த நிலையங்களின் உரிமையாளர்களிடமே முதலில் போய்ச் சேர்ந்தது. நெக்ஸ்டார் அப்போது டெக்னா என்ற மற்றொரு நிறுவனத்தை 6.2 பில்லியன் டொலருக்கு வாங்க அதே ஆணைக்குழுவின் அனுமதிக்காகக் காத்திருந்தது. எழுத்து மூல உத்தரவு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பேட்டியே போதுமாக இருந்தது.

ஆனால் இம்முறை பார்வையாளர்கள் புலம்பலோடு நிற்கவில்லை. ஹொலிவூட்டில் நிகழ்ச்சி பதிவாகும் அரங்கின் முன்னும், டிஸ்னியின் அலுவலகங்கள் முன்னும் பதாகைகளுடன் கூடினார்கள். ஏபிசியின் உரிமையாளரான டிஸ்னியின் இணையச் சேவைகளுக்கான சந்தாக்களை நீக்கிவிட்டு, நீக்கியதற்கான சான்றைப் படமெடுத்துப் பகிர்ந்தார்கள். 400 இற்கும் மேற்பட்ட கலைஞர்கள் கண்டனக் கடிதத்தில் கையெழுத்திட்டனர். கிம்மலின் கருத்துக்களை வெறுக்கும் குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸ் கூட, அரசு இவ்வாறு மிரட்டுவது ஆபத்தானது என்றார்.

ஆறு நாட்களில் கிம்மல் திரும்பினார். செப்டெம்பர் 23 ஆம் திகதி, நாட்டின் கிட்டத்தட்ட கால்வாசி வீடுகளுக்கு ஒளிபரப்பு மறுக்கப்பட்ட நிலையிலும், 6.26 மில்லியன் பேர் அதைப் பார்த்தார்கள். அவரது வழமையான எண்ணிக்கையைப் போல இது மூன்று மடங்கிற்கும் அதிகம். மேலும் மூன்று நாட்களில் நெக்ஸ்டாரும் சின்கிளேயரும் இறங்கி வந்தன. டிசம்பரில் அவரது ஒப்பந்தம் 2027 மே வரை நீடிக்கப்பட்டது.

இரண்டு கோபங்கள், இரண்டு முடிவுகள்

கொல்பேர்ட்டின் பார்வையாளர்களும் கோபப்பட்டார்கள். அவர்களும் வீதியில் நின்றார்கள். பின் ஏன் அந்தக் கோபம் பலிக்கவில்லை?

முதல் காரணம், காலம். கிம்மலின் நிகழ்ச்சி ஒரே இரவில் பறிக்கப்பட்டது. கொல்பேர்ட்டுக்குப் பத்து மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. நாளை மறுநாளும் திரையில் தெரியும் ஒருவருக்காக நீண்ட நாள் போராடுவது கடினம். மெதுவாக மூடப்படும் கதவு சத்தம் எழுப்புவதில்லை.

இரண்டாவது, பிடி. மாதச் சந்தா செலுத்துபவர் ஒரு பொத்தானை அழுத்தி நிறுவனத்தின் வருமானத்தைத் தொடலாம். டிஸ்னி பிளஸ் சந்தாக்கள் நீக்கப்படும் வீதம் ஓகஸ்டில் 4 சதவீதமாக இருந்து செப்டெம்பரில் 8 சதவீதமாகியதாக, சந்தாக்களைக் கண்காணிக்கும் அன்டெனா நிறுவனம் கணித்தது. அதே மாதத்தில் கட்டண உயர்வும் அறிவிக்கப்பட்டதால், முழுவதையும் கிம்மலின் கணக்கில் எழுத முடியாது. இருந்தும் நிறுவனத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது, தெளிவு. ஒன்றில் மிரட்டியவர் யாரென்று எல்லோரும் கேட்டார்கள். மற்றதில் கணக்குப் புத்தகமே முன்னால் நிறுத்தப்பட்டது.

யாருக்காகக் கோபப்படுகிறோம்?

இந்த வெற்றியைக் கொண்டாடுபவர்கள் இன்னொரு பெயரையும் நினைவில் கொள்ள வேண்டும். எல் சல்வடோரைச் சேர்ந்த மரியோ குவேரா, அட்லாண்டாப் பகுதியில் இருபது வருடங்களுக்கு மேலாகக் குடியேறிகளின் செய்திகளைச் சேகரித்து வந்த, எமி விருது பெற்ற ஊடகவியலாளர். 2025 ஜூன் மாதம் ஆர்ப்பாட்டமொன்றை நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தபோது கைது செய்யப்பட்டார். அதற்கான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்ட பின்னரும் தடுப்பில் வைக்கப்பட்டு, ஒக்டோபர் 3 ஆம் திகதி நாடு கடத்தப்பட்டார். கிம்மல் திரையில் மீண்டு பத்து நாட்கள்தான் ஆகியிருந்தன. ஊடக சுதந்திர அமைப்புகள் குரல் கொடுத்தன. சந்தா நீக்கும் அலை எதுவும் எழவில்லை. நீக்குவதற்கு அவரிடம் பெருநிறுவனச் சந்தா இருக்கவில்லை.

இந்த இடைவெளி எங்களுக்குப் புதிதல்ல. 2006 மே 2 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் உதயன் அலுவலகத்துக்குள் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றனர். கொல்லப்பட்டவர்கள் உலகம் அறிந்த பெயர்கள் அல்லர். வாசகர்களிடம் நிறுத்துவதற்குச் சந்தா இருக்கவில்லை. அவர்களால் செய்ய முடிந்தது பத்திரிகையைத் தொடர்ந்து வாங்குவது மட்டுமே. அதைச் செய்தார்கள், பத்திரிகையும் தொடர்ந்து வந்தது. நகைச்சுவைக்கான விலையையும் இந்த நாடு அண்மையில் கண்டது. மேடையில் பேசிய நகைச்சுவைக்காக 2023 மே மாதம் கைதான நடாஷா எதிரிசூரிய ஐந்து வாரங்களுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டிருந்தார்.

துப்பாக்கியையும் உரிமக் கடிதத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் இரண்டும் எதிர்பார்ப்பது ஒன்றைத்தான்: அடுத்தவர் தானாகவே வாயை மூடிக்கொள்ள வேண்டும். கிம்மலின் பார்வையாளர்கள் அந்த எதிர்பார்ப்பை ஆறு நாட்களில் உடைத்தார்கள். உரிமையாளரின் வருமானம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெருநிறுவனம் பின்னால் இல்லாத ஒரு சிறு ஊடகவியலாளருக்காக அதே வேகத்தில் எழும் வழியை அமெரிக்கர்களும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, நாங்களும் கண்டுபிடிக்கவில்லை.