சுங்க முகவர் அனுமதிப்பத்திரம்: வாயிற்சீட்டா, தகுதிச் சான்றா?

கொழும்புத் துறைமுகத்தில் இறக்கப்படும் ஒரு கொள்கலன், நகரில் உள்ள உரியவரின் களஞ்சியத்தை அடைவதற்குக் கடக்க வேண்டிய தூரம் சில கிலோ மீற்றர்களே. ஆனால் அதற்காக நிரப்பப்பட வேண்டிய படிவங்களும் பெறப்பட வேண்டிய கையொப்பங்களும் அவ்வளவு குறுகியவையல்ல. அந்தப் பாதையில் இறக்குமதியாளருக்கு வழிகாட்டுபவர் சுங்க முகவர். அவருடைய கையில் இருக்கும் அனுமதிப்பத்திரம் எதற்குச் சான்று என்ற கேள்வியை நாம் இதுவரை போதிய அளவு எழுப்பவில்லை. அவருக்குத் தொழில் தெரியும் என்பதற்கான சான்றா? அல்லது சுங்கத் திணைக்களத்தின் வாயிலைக் கடப்பதற்கான சீட்டு மட்டுமா?

நாட்டின் அரசிறைவரியில் சுங்கத்தின் பங்கு யாவரும் அறிந்ததே. 2024ஆம் ஆண்டில் மட்டும் சுங்கத் திணைக்களம் ஏறத்தாழ 1,500 பில்லியன் ரூபாவை ஈட்டிக் கொடுத்தது. இந்தப் பெருந்தொகையின் கணக்கு ஒவ்வொரு சரக்கிற்குமான சுங்கப் பிரகடனத்திலிருந்தே ஆரம்பமாகின்றது. வர்த்தக வட்டாரங்களில் ‘கஸ்டெக்’ என அழைக்கப்படும் அப்பிரகடனத்தைத் தயாரிப்பவர் பெரும்பாலும் சுங்க முகவர் அல்லது அவரது பணியாளரே. விலைப்பட்டியல், பொதிப்பட்டியல், கப்பற் சரக்கு ஆவணம், தோற்றச் சான்றிதழ், கப்பல் நிறுவனத்தின் விடுவிப்புக் கட்டளை என்பன அதனுடன் இணைய வேண்டும். பொருளைப் பொறுத்து, இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் அனுமதி, தர நிர்ணய நிறுவனத்தின் சான்று, தாவர அல்லது விலங்குத் தனிமைப்படுத்தல் பிரிவின் அனுமதி ஆகியனவும் தேவைப்படும். இவற்றில் ஒன்று பிந்தினாலும் கொள்கலன் துறைமுகத்திலேயே கிடக்கும். நாளுக்கு நாள் ஏறும் தாமதக் கட்டணம் இறுதியில் கடைத்தெருவில் நுகர்வோர் கொடுக்கும் விலையோடு சேர்ந்துவிடும்.

சுங்க முகவரின் உண்மையான திறமை ஆவணங்களைத் தூக்கிக்கொண்டு அலைவதில் இல்லை. அது பொருளை வகைப்படுத்துவதில் உள்ளது. உலக சுங்க அமைப்பின் இணக்கப்படுத்தப்பட்ட முறைமையின்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. இலங்கை அதனை எட்டு இலக்கங்களாக விரித்துப் பயன்படுத்துகின்றது. ஒரு பொருளை இயந்திரத்தின் உதிரிப்பாகமாகக் கொள்வதா, தனிப்பொருளாகக் கொள்வதா என்பதில் நேரும் ஒரு தவறு தீர்வை வீதத்தையே மாற்றிவிடும். 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உள்ள பெறுமதி சேர் வரியும் தீர்வை உள்ளடங்கிய பெறுமதியின் மீதே கணிக்கப்படுவதால், ஆரம்பத் தவறு அடுத்தடுத்த கணக்குகளிலும் தொடர்கின்றது. குறைவாகச் செலுத்தப்பட்டால் அரசுக்கு நட்டம். கூடுதலாகச் செலுத்தப்பட்டால் வர்த்தகருக்கு நட்டம். பிரகடனம் பொய்யெனக் காணப்பட்டால் பொருட்கள் பறிமுதலாவதோடு பெருந்தொகைத் தண்டமும் விதிக்கப்படலாம். இத்தனை பொறுப்பும் சிக்கலும் உள்ள ஒரு தொழிலுக்கு வழங்கப்படும் அனுமதிப்பத்திரம் அதற்கேற்ற கனம் உடையதாக இருக்க வேண்டாமா?

ஏனைய நாடுகளின் நடைமுறைகள் இங்கு நோக்கற்பாலன. இந்தியாவில் 2018ஆம் ஆண்டின் சுங்கத் தரகர் உரிமம் வழங்கல் ஒழுங்குவிதிகளின்படி, விண்ணப்பதாரர் பட்டதாரியாக இருப்பதுடன் எழுத்துப் பரீட்சையிலும் வாய்மொழிப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அவரிடம் பணிபுரிவோருக்கும் தரவாரியான அடையாள அட்டைகள் உண்டு. பரீட்சையில் தேறிய பணியாளருக்கு ஒரு வகை அட்டையும், தேறாத உதவியாளருக்கு வேறொரு வகை அட்டையும் வழங்கப்படுகின்றன. தம்மிடம் வரும் வாடிக்கையாளர் உண்மையானவரா, கூறிய முகவரியில் இயங்குகின்றாரா என்பதை உறுதிசெய்யும் கடப்பாடும் தரகரையே சாரும். 2021ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் மூலம், காலத்துக்குக் காலம் உரிமத்தைப் புதுப்பிக்கும் தேவை நீக்கப்பட்டது. நுழைவில் கடுமை, நுழைந்த பின் தாள் வேலையில் இலகு என்பதே அங்கு பின்பற்றப்படும் போக்காகும்.

அமெரிக்காவில் 80 வினாக்கள் கொண்ட பரீட்சையில் 75 சதவீதம் பெற வேண்டும். நூல்களைப் பார்த்து எழுத அனுமதியிருந்தும் அது கடினமான பரீட்சை என்றே பெயர் பெற்றுள்ளது. 2022 டிசம்பரில் அந்நாடு மாவட்டந்தோறும் தனி அனுமதி பெறும் முறையை ஒழித்து, நாடு முழுவதற்கும் ஒரே அனுமதி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து 2023இல், ஒவ்வொரு மூன்றாண்டுக் காலத்திலும் 36 மணித்தியாலத் தொடர்கல்வியையும் கட்டாயமாக்கியது. தேவையற்ற தாளைக் குறைத்து, தேவையான அறிவைக் கூட்டிய இந்த அணுகுமுறை நமக்கும் பொருத்தமானதே.

2016ஆம் ஆண்டில் இலங்கை ஏற்றுக்கொண்டதும், 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்ததுமான உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கையும் இவ்விடயத்தைத் தொடுகின்றது. சுங்க முகவர்களின் சேவையைப் புதிதாகக் கட்டாயமாக்கக் கூடாது எனவும், அவர்களுக்கு அனுமதி வழங்கும் விதிகள் வெளிப்படையானவையாகவும் பாரபட்சமற்றவையாகவும் இருத்தல் வேண்டும் எனவும் அது கூறுகின்றது. விதி இருந்தால் மட்டும் போதாது. அதனை எவரும் வாசித்தறியக்கூடிய நிலை இருக்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

2025 ஜனவரியில் எழுந்த சர்ச்சையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பரிசோதனைக்குரியவை என அடையாளமிடப்பட்டிருந்த 323 கொள்கலன்கள் முழுமையான பௌதிகப் பரிசோதனையின்றி விடுவிக்கப்பட்டன. துறைமுக நெரிசலைத் தணிப்பதற்காகவே அவ்வாறு செய்யப்பட்டதாக விளக்கமளிக்கப்பட்டது. நாடாளுமன்றத்தில் அது பெரும் வாதப்பிரதிவாதத்தைக் கிளப்பியதுடன் விசாரணைக் குழுவும் நியமிக்கப்பட்டது. அந்த விவகாரத்தின் அரசியலுக்குள் நாம் இங்கு செல்லவில்லை. ஆனால் அது உணர்த்தும் நடைமுறை உண்மை ஒன்றுண்டு. எல்லாக் கொள்கலன்களையும் திறந்து பார்க்க எந்த நாட்டுச் சுங்கத்தாலும் இயலாது. ஆகவே பிரகடனத்தில் எழுதப்பட்டிருப்பதை நம்பியே பெரும்பாலான பொருட்கள் வெளியேறுகின்றன. அந்த எழுத்தின் நம்பகத்தன்மைதான் முழு முறைமைக்கும் அத்திவாரம். எழுதுபவரின் தகுதியைக் கவனியாமல் நெரிசலைப் பற்றி மட்டும் பேசுவது நோயை விட்டு நோவுக்கு மருந்திடுவதாகும்.

இதில் மற்றொரு பக்கமும் உண்டு. அன்றாடம் அலுவலகத்துக்கு அலுவலகம் ஏறி இறங்குபவர் அனுமதிப்பத்திரம் பெற்ற முகவர் அல்லர். ‘வாஃப் கிளார்க்’ என அழைக்கப்படும் அவரது பணியாளரே. எந்த மேசையில் எந்தத் தாள் தேங்கும் என்பது அவருக்கே தெரியும். பிரகடனத்தை இலத்திரனியல் முறையில் சமர்ப்பிக்கும் வசதி வந்து நீண்ட காலமாகியும் தாளும் முத்திரையும் முற்றாக ஒழியவில்லை என்பது வர்த்தகர்களின் முறைப்பாடு. தாள் மிகுந்திருக்கும் இடத்தில் அறிவை விட அறிமுகமே விலைபோகும். கையூட்டுக்கும் அதுவே வழி திறந்துவிடும். நேர்மையாகத் தொழில் புரியும் முகவர்களுக்கும் அதனால் அவப்பெயரே மிஞ்சுகின்றது.

தலைநகருக்கு வெளியே உள்ள சிறு வர்த்தகரின் நிலை இன்னும் பரிதாபத்திற்குரியது. பனை உற்பத்திகளையோ கடலுணவையோ கப்பலில் வெளிநாட்டுக்கு அனுப்ப விரும்பும் யாழ்ப்பாணத்துச் சிறு தொழில் முயற்சியாளர், ஏறத்தாழ 400 கிலோ மீற்றர் தொலைவிலுள்ள கொழும்பில் ஒரு முகவரை நம்பியே இருக்க வேண்டியுள்ளது. தமது பெயரில் ஆங்கிலத்தில் நிரப்பப்படும் பிரகடனத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதைப் பலர் வாசித்தறிய முடியாத நிலையில் கையொப்பமிடுகின்றனர். தவறு நேர்ந்தால் தண்டம் செலுத்துபவரும் அவரே. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்ட நாட்டில், வழிகாட்டிக் கையேடுகளையாவது மும்மொழிகளிலும் எளிதில் கிடைக்கச் செய்வது பெரிய கோரிக்கையாகாது.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை. அனுமதிப்பத்திரத்துக்கான பரீட்சையின் பாடத்திட்டமும் காலஅட்டவணையும் முன்கூட்டியே பகிரங்கமாக்கப்பட வேண்டும். வகைப்படுத்தல் முறைமையின் அடுத்த பதிப்பு 2028 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வரவிருக்கின்றது. அதற்கு முன்னரே முகவர்களுக்கும் அவர்களது பணியாளர்களுக்கும் தொடர்பயிற்சி ஆரம்பிக்கப்பட வேண்டும். அனுமதி பெற்றவர்களின் பெயர்ப்பட்டியல், இடைநிறுத்தப்பட்டவர்களின் விபரத்துடன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். பல திணைக்களங்களின் அனுமதிகளை ஒரே இடத்தில் பெற வழிசெய்யும் தேசிய ஒற்றைச் சாளர முறைமையை இனியும் பேச்சளவில் வைத்திருக்கலாகாது.

1869ஆம் ஆண்டின் சுங்கக் கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் தேவை என்பது பல்லாண்டுகளாக வலியுறுத்தப்பட்டு வருகின்றது. அத்தகைய சட்டம் வரையப்படுகையில் முகவர்களின் தகுதி, கடப்பாடு, உரிமை என்பவற்றுக்கு அதில் உரிய இடம் வழங்கப்படுதல் வேண்டும். அரசுக்கும் வர்த்தகருக்கும் இடையில் நிற்கும் முகவர் இருவரது நம்பிக்கைக்கும் உரியவராக விளங்கினாலன்றிச் சுங்கச் சீர்திருத்தம் முழுமை பெறாது என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் கவனத்திற் கொள்வார்களென எதிர்பார்க்கின்றோம்.