போன் வாங்கப் போறீங்களா? "அப்டேட்" எத்தனை வருஷம்னு கேளுங்க!

மணியாச்சி ஜங்ஷனில் தூத்துக்குடிக்கு வண்டி மாறுகிறவர்களுக்குப் பொழுதுபோக்கு செல்போன் பாட்டுதான். ஆண்ட்ராய்டா, ஐபோனா? எது லாபம்?

பாட்டு ஏற்ற ஆண்ட்ராய்டுதான் சுலபம். கேபிளை மாட்டி, கம்ப்யூட்டரிலிருந்து காப்பி செய்தால் முடிந்தது. ஐபோனில் மெமரி கார்டு கிடையாது. "ஐடியூன்ஸ்" போன்ற ஆப்பிள் சாப்ட்வேர் தயவு வேண்டும்.

அப்டேட்டில் கதை வேறு. 2015-ல் வந்த ஐபோன் 6எஸ்-க்கு 2021-லும் புதுப் பதிப்பு கிடைத்தது. ஆண்ட்ராய்டை கூகுள் வெளியிட்டாலும், போன் கம்பெனி மனசு வைத்தால்தான் நம் கைக்கு வரும். சாம்சங் எஸ்24-க்கு 7 வருஷம் என்று 2024-ல் அறிவித்தார்கள். மலிவு போன்கள் பலவற்றுக்கு அந்த யோகம் இல்லை.

அதனால் என்ன நஷ்டம்? 2025-ல் ஆண்ட்ராய்டு 5-க்கு முந்திய போன்களில் வாட்ஸ்அப் நின்றது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க் கடைக்கு ஆர்டர் அதில்தான் வருகிறது என்றால் வியாபாரம் என்ன ஆகும்?

விலையோடு வருஷத்தையும் கேட்டு வாங்குங்கள்!