காரணம் சொல்லாத அகமதிப்பெண்

இளங்கலைக் கல்வியியல் எனப்படும் பி.எட். படிப்பை ஈராண்டுப் படிப்பாக மாற்றிய தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள், மாணவ ஆசிரியர்களிடம் எதிர்பார்ப்பவற்றுள் பலவற்றை எண்களாகவே வரையறுத்தன. ஆண்டுக்கு 200 வேலை நாள்கள், பாட வகுப்புகளுக்கு 80 விழுக்காட்டு வருகை, பள்ளியில் மேற்கொள்ளும் கற்பித்தல் பயிற்சிக்கு 90 விழுக்காட்டு வருகை என்பன அவற்றுள் சில. பள்ளிக்கு மட்டும் கண்டிப்பு கூடியிருப்பது நியாயமே. அங்கே வராமல் போகும் மாணவ ஆசிரியரால் இழப்புக்கு உள்ளாவோர் குழந்தைகள்.

மதிப்பெண் பகிர்விலும் இதே அக்கறை தெரிகிறது. கோட்பாட்டுப் பாடங்களில் 20 முதல் 30 விழுக்காடு வரை அகமதிப்பீட்டுக்கு, அதாவது கல்லூரியே ஆண்டு முழுவதும் பார்த்து வழங்கும் மதிப்பெண்ணுக்கு உரியது. எஞ்சியது பல்கலைக்கழகத் தேர்வுக்கு உரியது. மொத்த மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு, 16 வாரக் கற்பித்தல் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால், அந்த விதிமுறைகளிலேயே மிகவும் மதிக்கத்தக்க பகுதி எண் எதுவும் இல்லாத ஒன்று: அகமதிப்பீட்டின் அளவுகோல்கள் மாணவர்களுக்கு வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்றும், குறையைத் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கும் வகையில் மதிப்பெண் விவரம் அவர்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்றும் அது கூறுகிறது.

நடைமுறையில் புறக்கணிப்புக்கு உள்ளாவதும் இப்பகுதியே. வருகையைப் பதிவேட்டில் எண்ணிவிடலாம். பாடக்குறிப்பேடும் உற்றுநோக்கல் பதிவேடும் உரிய நாளில் வந்தனவா என்பதையும் எளிதில் சரிபார்க்கலாம். ஒரு பாடவேளையில் கேட்கப்பட்ட வினாக்கள் குழந்தைகளைச் சிந்திக்க வைத்தனவா, தவறான விடை வந்தபோது மாணவ ஆசிரியர் அதை எவ்வாறு கையாண்டார் என்பனவற்றைக் கணிக்க, ஒருவர் பின்வரிசையில் அமர்ந்து முழுப் பாடத்தையும் பார்த்தாக வேண்டும். அந்த உழைப்பு குறையும் இடத்தில் அட்டை போட்ட ரெக்கார்டின் அழகே மதிப்பெண்ணாக மாறுகிறது. முந்தைய ஆண்டு மாணவரின் ஏட்டைப் பார்த்து எழுதும் வழக்கமும் அங்கேதான் வேர்விடுகிறது.

இதன் விளைவு கல்லூரியோடு நின்றுவிடுவதில்லை. குழந்தையின் புரிதலைத் தொடர்ந்து, முழுமையாக மதிப்பிட வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 29-ஆம் பிரிவில் கூறுகிறது. தமிழ்நாட்டில் 2012-13-இல் அறிமுகமான முப்பருவ முறையில், செயல்பாடுகளையும் சிறு தேர்வுகளையும் கொண்ட வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும், பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்ணும் வகுக்கப்பட்டன. தன் 40 மதிப்பெண்ணில் எங்கே குறைந்தது, ஏன் குறைந்தது என்று ஒரு குழந்தைக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர், தம் பயிற்சிக் காலத்தில் அத்தகைய விளக்கத்தை ஒருமுறைகூடப் பெற்றதில்லை என்றால், அத்திறனை அவர் வேறு எங்கிருந்து பெறுவார்?

பேராசிரியர்களின் பணிச்சுமை இதற்குத் தடையாகக் காட்டப்படுவதுண்டு. மாணவ ஆசிரியர்கள் பல பள்ளிகளில் சிதறியிருப்பதால் அலைச்சல் உண்மையானதே. எனினும், ஈராண்டிலும் சேர்த்து 200 மாணவர்கள் பயிலும் கல்லூரிக்கு 16 முழுநேர ஆசிரியர்கள் வேண்டும் என்பது அதே விதிமுறைகளின் அளவு. அது பின்பற்றப்படுமானால் ஒருவரின் பொறுப்பில் வருவோர் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் மட்டுமே. அத்தனை பேரின் பாடத்தையும் பார்த்துத் தனித்தனியே குறிப்பு எழுதித் தருவது இயலக்கூடிய செயல். பணியிடங்கள் காலியாக இருக்குமானால், அதைக் கண்டறிந்து திருத்த வேண்டியது ஏற்பளிக்கும் அமைப்புகளின் கடமை. அக்குறையின் சுமையை மாணவர் தலையில் ஏற்றுவது முறையன்று.

ஆகவே, மதிப்பீட்டின் அளவுகோல்கள் கற்பித்தல் பயிற்சி தொடங்கும் முன்பே எழுத்தில் தரப்பட வேண்டும். 16 வாரங்களின் நடுப்பகுதியில், திருத்திக்கொள்ள இன்னும் நாள் இருக்கும்போதே, முதல் மதிப்பீடு காரணத்தோடு மாணவர் கைக்கு வர வேண்டும். கல்லூரிகளிடம் அகமதிப்பெண் பட்டியலைப் பெறும்போது, தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் அந்தக் குறிப்புகளின் படிகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.