சூராட் பெரானாக் இல்லாமல் பாலம் கடப்பதெப்படி?



பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்குப் புறப்படும் நம் தோட்டத்துப் பிள்ளைகள், "கிராணி ஐயா, ஜொகூர் பாலம் கடக்க ஐ.சி. மட்டும் போதுமா?" என்று கேட்டு வருகிறார்கள். போதாது. ஐ.சி. நம் நாட்டுக்குள் செல்லும் அத்தாட்சி. எல்லையில் கேட்பது பாஸ்போர்ட். அது காலாவதியாக இன்னும் ஆறு மாதமாவது இருக்க வேண்டும். உட்லண்ட்ஸில் காரில் போவோர் 2024 முதல் கைத்தொலைபேசியில் கியூஆர் காட்டிச் செல்கிறார்களே என்பார்கள் சிலர். அவர்களும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் போகிறார்கள். வருகை அட்டையை மூன்று நாளுக்குள் முன்னதாகவே இணையத்தில் அனுப்பிவிட வேண்டும். அதற்குக் காசு கிடையாது. காசு கேட்பவன் தரகன். வேலை செய்யப் போகிறவனுக்கு வேலைப் பெர்மிட் தனியாக வேண்டும். இதை மறைத்து ஆள் சேர்ப்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

வடக்கே பாடாங் பெசார் வழியாகத் தாய்லாந்து போவதற்கும் இதே கதைதான். எல்லைப் பாஸ் அங்குள்ள எல்லையோரத்து மக்களுக்கு உரியது. கோல லங்காட்டில் இருக்கும் நமக்கு அது கிடையாது.

இந்தப் பாலம் 1924-இல் திறக்கப்பட்டது. பாஸ்போர்ட் கேட்கும் வழக்கம், சிங்கப்பூர் பிரிந்துபோன பிறகு, 1967-இல்தான் வந்தது. அதற்குப் பின் சிங்கப்பூருக்கென்றே கட்டுப்பாட்டுப் பாஸ்போர்ட் ஒன்று பல காலம் இருந்தது. லயத்துப் பெரியவர்கள் இன்னும் அதைப் பற்றி விசாரிக்கிறார்கள். அது நின்று வெகு நாளாயிற்று.

இவையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயங்கள். என் மனதை அறுப்பது வேறு. பாஸ்போர்ட்டுக்கு ஐ.சி. வேண்டும், ஐ.சி.க்குச் சூராட் பெரானாக் வேண்டும். அந்தச் சூராட்டில் பிள்ளை குடிமகன் என்று இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் முதற் கண்ணி அறுந்தவர்கள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள்.

ஜெஞ்சாரோம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பையன், இருபத்திரண்டு வயது. ஜொகூர் நண்பர்கள் அவனுக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார்கள். அவன் கையில் இருப்பதோ பச்சை அட்டை. அவன் தாய் பிறந்தபோது லயத்தில் யாரும் பதியவில்லை. அவளுக்கு எந்தப் பத்திரமும் இல்லை. தகப்பன் நீல ஐ.சி.க்காரர். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார், ஊருக்குச் சோறு போட்டார், பதிவு மட்டும் செய்யவில்லை. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பனின் குடியுரிமை சட்டப்படி வந்து சேராது. தாயின் நிலையையே பார்ப்பார்கள். 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணப் பதிவு கட்டாயமாகிவிட்டது. தாலியே போதும் என்று இன்னும் எத்தனை பேர் இருக்கிறோம்! அந்தப் பையன் போன தீபாவளிக்கும் பாலத்தின் இந்தப் பக்கமே நின்றான்.

குற்றம் முழுவதும் நம்முடையது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவசரகாலம் தொடங்கிய 1948-இல் ஐ.சி. கொடுப்பதற்கு அதிகாரிகள் தோட்டம் தோட்டமாகத் தேடி வந்தார்கள். அது அவர்களுக்கு வேண்டியிருந்தது. 1957-இல் குடியுரிமை நமக்கு வேண்டியதாயிற்று. மெர்டேகாவுக்கு முன் பிறந்தவர்கள் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. பிரட்டுக்கு ஓடி, பால் வெட்டி, அந்தியில் திரும்பும் ஆளுக்கு எது படிவம், எது இலாகா? பலர் சிவப்பு ஐ.சி.யோடு நின்றார்கள். 1969-க்குப் பிறகு குடிமக்கள் அல்லாதார் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற சட்டத்தைக் கண்டிப்பாக அமல்படுத்தியபோது, பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறித் தமிழ்நாடு போனார்கள். இந்தப் பால்மரங்களை நட்டவர்கள் அவர்கள்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்லமாட்டேன். 2011-இல் மைடஃப்தார் இயக்கம் நடந்தது. 2018-இல் அறுபது வயதைக் கடந்த சிவப்பு அட்டைக்கார இந்தியர்களுக்குக் குடியுரிமை தருவதாக அறிவிப்பு வந்தது. ஆனால் இயக்கம் என்பது வருவதும் போவதும். இலாகா முகப்பில் "அம்மாவின் பத்திரம் எங்கே?" என்ற கேள்வி தினமும் நிற்கிறது. வயது வரம்புக்குள் 15ஏ பிரிவில் விண்ணப்பித்தவர்களுக்கே பதில் வர ஆண்டுக்கணக்காகிறது. அந்த வரம்பைத் தாண்டியவனுக்கு அந்த வழியும் இல்லை. பதிலுக்குக் காலவரம்பு வேண்டும், மறுத்தால் காரணம் எழுத்தில் வேண்டும் என்று சங்கம் கேட்க வேண்டும். கூலி உயர்வுக்குத் தலைவர்கள் காட்டும் வேகத்தை இதிலும் காட்டினால் என்ன?

கிளைச் செயலாளர்கள் தங்கள் தோட்டத்தில் பத்திரமில்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று இந்த மாதத்துக்குள் ஒரு கணக்கு எடுக்கட்டும். வயது வரம்பை நெருங்கும் பிள்ளைகளின் பெயரை முதலில் எழுதுங்கள்; அவர்களுக்கு நாள் குறைவு. தாய் தந்தையின் பெயர், பிறந்த தோட்டம், மருத்துவமனை அல்லது பிரசவம் பார்த்த பாட்டி, படித்த பள்ளி எல்லாம் வேண்டும். பழைய செக்ரோல் புத்தகங்களையும் தோட்ட மருந்தகக் குறிப்புகளையும் எரிக்கவிடாதீர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டம் கைமாறும்போது முதலில் குப்பைக்குப் போவது அவைதான்.