ஊர் அறிவோம்: பால்மரம் தோற்ற தாய்மண்

நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய மரத்தின் பூர்வீகம் பிரேசிலின் அமேசான் காடு. அங்கே தப்பஜோஸ் ஆற்றங்கரையில் ஃபோர்ட்லாண்டியா என்றொரு சிற்றூர் இருக்கிறது. கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டின் பெயர் தாங்கிய ஊர்.

அந்நாளில் டயருக்கு வேண்டிய ரப்பர் பெரும்பாலும் ஆசியாவில் ஆங்கிலேயர், டச்சுக்காரர் வசமிருந்த தோட்டங்களிலிருந்தே கிடைத்தது. அவர்களை நம்பியிருக்க விரும்பாத ஃபோர்ட், 1928இல் இங்கே சொந்தத் தோட்டம் தொடங்கினார். வாங்கிய நிலம் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல் பத்து மடங்குக்கும் மேல்.

காட்டுக்கு நடுவே அமெரிக்க பாணி வீடுகள், மருத்துவமனை, பள்ளி, மர ஆலை எல்லாம் எழுந்தன. தொழிலாளர்கள் மது அருந்தத் தடை. சாப்பாட்டையும் நிர்வாகமே முடிவு செய்தது. 1930இல், வரிசையில் நின்று உணவு வாங்க வேண்டும் என்றதும் பொறுமை இழந்த தொழிலாளர்கள் உணவுக்கூடத்தை அடித்து நொறுக்கினர். மேலாளர்கள் ஆற்றில் கப்பலேறித் தப்பினர்.

அதைவிடப் பெரிய அடி, இலைகளை அழிக்கும் ஒரு பூஞ்சை நோய். காட்டில் ரப்பர் மரங்கள் தள்ளித் தள்ளி வளர்வதால் நோய் எளிதில் பரவாது. தோட்டத்தில் நெருக்கமாக நட்டதும் மரத்துக்கு மரம் தாவியது. 1934இல் பெல்தேரா என்ற இடத்தில் புதிய தோட்டம் போட்டும் நோய் விடவில்லை. 1945இல், செலவழித்ததில் மிகச் சிறு பங்கு விலைக்கு இரண்டு தோட்டங்களும் பிரேசில் அரசிடம் போயின. ஃபோர்ட் ஒருமுறைகூட அங்கே கால் வைத்ததில்லை.

இதே தப்பஜோஸ் வட்டாரத்திலிருந்துதான் 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டு போனார். அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. கோலகங்சாரில் அக்காலத்து மரம் ஒன்றை இன்றும் பார்க்கலாம்.

விதை வந்தது, நோய் வரவில்லை. மலாயாவின் ரப்பர் செழித்ததற்கு அது ஒரு காரணம். விடியுமுன் எழுந்து, விளக்கொளியில் மரம் வெட்டிய நம் முன்னோரின் உழைப்பு மற்றொரு காரணம். அந்நோய் நுழைந்துவிடாதபடி மலேசியா இன்றும் விழிப்பாகவே இருக்கிறது.

ஃபோர்ட்லாண்டியாவில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த உயர்ந்த நீர்த்தொட்டி நிற்கிறது. ஆலைக் கொட்டகையும் பழைய வீடுகளும் இருக்கின்றன. மருத்துவமனை இடிந்து கிடக்கிறது. பார்க்க விரும்புவோர் சந்தாரெம் நகரிலிருந்து படகேற வேண்டும். அதற்கு முன், கோலகங்சார் மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள்.